வெட்டுக்கிளிகளுக்குப் பெயர் வைத்தவர்கள்

வெட்டுக்கிளி ஒன்றைக் கையில் பிடித்து, அதன் அங்க லட்சணங்களைக் கொண்டு இது இன்ன இனம் என்று நிர்ணயிக்கும் வழக்கம், பூச்சிகளைப் பற்றிய சாஸ்திரம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, எதை உண்ணலாம் எதை உண்ணலாகாது என்ற ஒரு சமய விதியிலிருந்து பிறந்தது. யூதர்களின் வேதத்தில் லேவியராகமம் என்னும் பகுதி, சிறகுள்ள சிறு பிராணிகள் யாவற்றையும் விலக்கிவிட்டு, வெட்டுக்கிளியில் மட்டும் நான்கு வகைகளைப் பெயர் குறித்து, இவற்றை உண்ணலாம் என்று அனுமதிக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டால் போதுமா? அந்தப் பெயருக்குரிய பிராணி எது என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமே. ஆகையால், கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூலில், நான்கு கால்கள், நான்கு சிறகுகள், இவற்றோடு தத்துவதற்கென்றே அமைந்த கால்கள், உடலின் பெரும்பகுதியை மூடும் அளவுக்கு நீண்ட சிறகுகள் என்று அடையாளங்களை வகுத்து வைத்தார்கள். வெட்டுக்கிளியை இனங்காண மனிதர் எழுதி வைத்த மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. ஏமன் தேசத்து யூதர்கள் இந்த அறிவைத் தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுக்கும் முறையில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி, இருபதாம் நூற்றாண்டு வரையில் பாலைவன வெட்டுக்கிளியை உண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் குடியேறிய யூதர்களோ, அதே நூலைப் படித்தவர்களாயிருந்தும், கண்ணால் கண்டு பழகும் மரபு அறுந்துபோனபடியால், எந்த வெட்டுக்கிளியையும் தொடாமல் விலகிக்கொண்டார்கள்.

சாஸ்திர முறையிலான பாகுபாடு சுவீடன் தேசத்து லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது. 1758-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' என்னும் நூலின் பத்தாம் பதிப்பையே, பிராணிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறைக்கு ஆதிநூலாக உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் வெட்டுக்கிளிகளுக்குக் கிடைத்த ஸ்தானம் இன்று படிப்பவர்க்கு வியப்பாக இருக்கும். வண்டுகளின் வரிசையிலே, கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்துக்குள்ளே, கும்பிடுபூச்சியும் சிள்வண்டும் நீண்ட கொம்புள்ள தத்துக்கிளியும் குறுங்கொம்புள்ள வெட்டுக்கிளியும் ஆறு சிறு பிரிவுகளாக அடக்கப்பட்டிருந்தன. 1767-ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில், லின்னேயஸ் தாமே மனம் மாறி, அவற்றை வண்டுகளிடமிருந்து பிரித்து மூட்டைப்பூச்சி முதலியவற்றின் வரிசைக்கு மாற்றினார். நேரான சிறகுகளை உடையவை என்ற பொருளில் இவற்றுக்கெனத் தனி வரிசை ஒன்றை பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே 1789-இல் ஏற்படுத்திய பிறகே வெட்டுக்கிளிக் குடும்பம் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. லின்னேயஸ் சூட்டிய பெயர்களில் இரண்டை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்: 1758-இல் அவர் மைக்ரடோரியா என்று ஒன்றுக்கும், 1767-இல் டானிகா என்று மற்றொன்றுக்கும் பெயரிட்டார். இவ்விரண்டும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருவேறு இனங்களாகவே அருங்காட்சியகப் பெட்டிகளில் உறங்கின.

லின்னேயஸின் மாணாக்கர்களுள் பூச்சிகளையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ். தமிழ்நாட்டுக்கும் வெட்டுக்கிளி சாஸ்திரத்துக்கும் முதல் உறவு ஏற்பட்டது இவர் மூலமாகத்தான். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் துறைமுகமாக இருந்தது. லின்னேயஸிடமே பயின்ற கோனிக் என்னும் வைத்தியர் 1768-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்து, மிஷன் வைத்தியராகவும், பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கையாராய்ச்சியாளராகவும், அதன்பின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் உத்தியோகஸ்தராகவும் இருந்துகொண்டு, செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார். கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பூச்சியியலில் புகழ்பெற்றது. அவருக்குப் பின் தரங்கம்பாடியில் டேனிஷ் கும்பெனியின் படையதிகாரியாக இருந்த டால்டார்ஃப் என்பவர் ஏராளமான பூச்சிகளைச் சேகரித்து ஃபாப்ரீசியஸுக்கு அனுப்பினார். 1791-ஆம் ஆண்டில் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைத் தாமே பிடித்ததாக லண்டன் லின்னேயச் சங்கத்துக்கு எழுதி, நம் பனையேறிக் கெண்டையை ஐரோப்பியர் வாதத்துக்குரிய விஷயமாக்கியவரும் இவரே. ஃபாப்ரீசியஸின் பெருநூல்களைப் புரட்டுகிறவர், பூச்சியின் வருணனைக்குப் பின்னே அதன் வாசஸ்தலமாகத் தரங்கம்பாடியின் பெயர் லத்தீன் உருவில் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பார். எந்தச் சிறுவன் வலை வீசினான், எந்த உழவன் வரப்பில் காட்டிக் கொடுத்தான் என்பவை அந்நூல்களில் இல்லை. கடல் கடந்து அனுப்பியவரின் பெயர் மட்டும் உண்டு.

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகத் தீட்டி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் அழகிய வெட்டுக்கிளிக்கு 1775-ஆம் ஆண்டில் பிக்டஸ் என்று பெயரிட்டவர் ஃபாப்ரீசியஸ். அதைத் தொட்டால், குறிப்பாக அதன் குஞ்சுகளைத் தொட்டால், முதுகின்மேல் வயிற்றின் முதற்கண்டங்களுக்கு இடையேயுள்ள துளையிலிருந்து ஒரு திரவத்தைப் பீச்சி அடிப்பதும், எருக்கம்பாலின் நஞ்சைத் தின்றும் அது கெடாமல் வளர்வதும் பின்னால் விளங்கியவை. நெற்பயிரைத் தின்னும் பேனியன் என்ற இனத்துக்கு 1798-இல் பெயர் வைத்தவரும் அவரே. ஆயினும் ஃபாப்ரீசியஸின் முறையில் ஒரு குறையுண்டு. பூச்சிகளின் வாயுறுப்புகளே பாகுபாட்டுக்கு அடிப்படை என்பது அவருடைய சித்தாந்தம். வெட்டுக்கிளிகள் எல்லாமே கடித்துத் தின்பவை; அவற்றின் தாடைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஆதலால், இனத்துக்கு இனம் வேற்றுமை சொல்லவேண்டிய இடத்தில் அவர் நிறத்தையும் அளவையும் சிறகின் புள்ளிகளையுமே நம்பவேண்டியதாயிற்று. அந்நம்பிக்கை பலவிடங்களில் ஏமாற்றம் அளித்தது. ஏனெனில் ஒரே இனத்து வெட்டுக்கிளி, பசும்புல்லில் வளர்ந்தால் பச்சையாகவும், காய்ந்த சருகிடையே வளர்ந்தால் பழுப்பாகவும் இருப்பது சர்வசாதாரணம். அன்றியும், பதப்படுத்திய பூச்சியில் பச்சை நிறம் சில மாதங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும். கப்பலில் ஆறு மாதம் பிரயாணம் செய்து கோப்பன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்த பூச்சியின் நிறத்தை எழுதிவைத்தவர், வயலில் இருந்த பூச்சியின் நிறத்தையா எழுதியிருப்பார்?

எந்த அடையாளத்தை நம்பலாம், எது நம்மை ஏமாற்றும் என்ற விவேகத்தைச் சம்பாதிப்பதிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு கழிந்தது என்று சொல்லலாம். ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டால் என்பவர், நாற்பத்தைந்து வயதிலேயே இறந்துபோன போதிலும், லின்னேயஸ் முதலியோர் கையாண்ட பழைய பூச்சிகளையே மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் எந்தப் பூச்சிக்கு உரியது என்று 1873-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நூலில் தீர்த்து வைத்தார். ஆஸ்திரியாவின் தந்தி இலாகாவுக்குத் தலைவராயிருந்த புரூனர் என்பவர், அலுவல் போக மிஞ்சிய நேரத்தில் உலகின் நானா திசைகளிலிருந்தும் நேர்ச்சிறகிகளைத் தருவித்து, வியன்னாவில் ஒப்பற்ற ஒரு சேகரத்தை உண்டாக்கினார். ஜெனீவாவில் ஆன்றி தெ சொசூர், பின்சிறகில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் மின்னும் வெட்டுக்கிளிகளைப் பற்றி 1884-இல் ஒரு பெருநூல் இயற்றினார். நவீன மொழியியலின் பிதாமகர் என்று நம் கல்லூரிகளில் போற்றப்படும் ஃபெர்தினாந் தெ சொசூர் இவருடைய புதல்வர். தந்தை பூச்சிகளின் வேற்றுமைகளையும் மைந்தர் ஒலிகளின் வேற்றுமைகளையும் ஆராய்ந்தனர் என்பதில் ஏதேனும் பரம்பரைக் குணம் உண்டோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்த லட்சணங்கள் யாவை என்பதை, நம் ஊர் வரப்பில் பிடித்த வெட்டுக்கிளி ஒன்றைக் கொண்டே பார்த்துவிடலாம். பின்தொடையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. தூக்கினால் காலை நம் கையில் விட்டுவிட்டுத் தத்திப் போய்விடும். மடித்த சிறகுகளோடு மார்பைச் சேர்த்து இரு விரலால் பிடிக்கவேண்டும். வாயிலிருந்து பழுப்பு நிறச் சாற்றைக் கக்கும், அதனால் தீங்கில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். முதலில் கொம்புகளைப் பார்க்கவேண்டும். அவை நூலிழையாய் உடலைவிட நீண்டிருக்குமானால் அது தத்துக்கிளி, சிள்வண்டு ஆகியவற்றின் வர்க்கம். அவற்றுக்குச் செவி முன்காலின் முழங்காலுக்குக் கீழே இருக்கும். கொம்பு குறுகியதானால் செவியை வயிற்றின் முதற்கண்டத்தில், சிறகுக்குக் கீழே, மெல்லிய தோல் போர்த்திய ஒரு பள்ளமாகக் காணலாம். பிறகு பூச்சியை மல்லாத்தி, முன்னங்கால்கள் இரண்டும் புறப்படும் இடத்துக்கு நடுவே நோக்கவேண்டும். அங்கே ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு பெரும்பிரிவு, இல்லையானால் வேறு பிரிவு. தலையின் உச்சிமுனையில் தலைமுடி வகிடு எடுத்ததுபோல் நுண்ணிய கோடொன்று ஓடுமானால், அது எருக்கு வெட்டுக்கிளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கழுத்தின்மேல் கவசம்போல் கவிந்திருக்கும் தகட்டில் நடுவரம்பு உயர்ந்திருக்கிறதா, அதைக் குறுக்கே வெட்டும் பள்ளங்கள் எத்தனை, பக்கங்களில் மைக்கோடுகள் உண்டா என்று பார்க்கவேண்டும். நெல்வயலின் பேனியனை அந்தக் கருங்கோடுகளாலும் பின்காலின் நீலத்தாலும் தெரிந்துகொள்ளலாம். பின்தொடையின் உட்புறத்தில் வரிசையாகச் சிறு முளைகள் இருந்தால் அது தொடையைச் சிறகில் உரசிப் பாடும் கூட்டம். கடைசியாகப் பின்சிறகை விசிறிபோல் விரித்து அதன் நிறத்தையும் கரும்பட்டையையும் குறித்துக்கொள்ளவேண்டும். மேல்சிறகின் நிறத்தைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டாலும் பாதகமில்லை.

தமிழ்நாட்டின் வெட்டுக்கிளிகளை முதன்முதலாக முழுமையாக ஆராய்ந்தவர் ஸ்பெயின் தேசத்து இக்னாசியோ பொலீவர். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியில், பிரெஞ்சு இயேசுசபைக் குருமார்கள் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், திருச்சியிலும் மதுரைப் பக்கங்களிலும் கோடைக்கானல் மலையிலும் பூச்சிகளைச் சேகரித்துவந்தார்கள். அந்தச் சேகரம் மாட்ரிட் நகரத்துக்குப் போய், பொலீவரின் மேஜைமேல் விரிந்தது. 'திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியின் நேர்ச்சிறகிகள்' என்று பொருள்படும் தலைப்பில், பிரான்ஸ் பூச்சியியல் சங்கத்தின் ஆண்டுமலரில், 1897-ஆம் ஆண்டு முதல் 1902 வரையில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, தென்னிந்திய வெட்டுக்கிளிகளைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் இன்றும் எடுத்துப் பார்க்காமல் இருக்கமுடியாத நூலாக விளங்குகிறது. ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரியின் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு பாரீஸில் அச்சேறிய அந்த ஆராய்ச்சியைப் பற்றி நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொலீவரின் இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்தபோது, எண்பத்தெட்டு வயது கடந்த அம்முதியவர், தாம் வாழ்நாளெல்லாம் வளர்த்த அருங்காட்சியகத்தைத் துறந்து மெக்சிகோவுக்குப் புகலிடம் தேடிப் போய், 1944-ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.

பொலீவர் பெயரிட்டவற்றுள் ஆர்தாக்ரிஸ் மைன்ட்ரோனி என்பது ஒன்று; 1905-ஆம் ஆண்டில், சோழமண்டலக் கரையில் பூச்சி சேகரித்த மோரீஸ் மைன்ட்ரோன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் ஞாபகமாகச் சூட்டப்பட்ட பெயர் அது. இந்தப் பூச்சி இனங்காணும் கலையில் புகும் மாணாக்கனுக்கு ஒரு நல்ல பரீட்சை. இதற்குச் சிறகே இல்லை. காண்கிறவர்கள் ஏதோ ஒரு பெரிய வெட்டுக்கிளியின் குஞ்சு என்றுதான் எண்ணுவார்கள். ஆனால் முழு வளர்ச்சி பெற்று, இணைகூடி, முட்டையிடும் பூச்சி அது. சிறகே இல்லாத இதற்குப் பொருந்தாவிட்டாலும், குட்டைச் சிறகுள்ள இனங்களில் குஞ்சுக்கும் வளர்ந்த பூச்சிக்கும் வேற்றுமை சொல்ல ஒரு நுட்பமான விதி உண்டு. சிறகுள்ள இனங்களின் குஞ்சு கடைசி இரண்டு பருவங்களில் இருக்கும்போது, அதன் சிறகுமொட்டுகள் தலைகீழாகத் திரும்பிப் பின்சிறகின் மொட்டு மேலாகவும் முன்சிறகின் மொட்டு அதற்கு அடியிலும் அமைந்திருக்கும். கடைசியாகத் தோலுரித்து வளர்ச்சி முற்றியதும் முன்சிறகு மேலே வந்துவிடும். எது மேலே என்று பார்த்தால் போதும், குஞ்சா தாயா என்று தெரிந்துவிடும்.

இந்தியா முழுவதற்குமாக ஒரு நூல் 1914-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'பிரிட்டிஷ் இந்தியாவின் பிராணிகள்' என்ற வரிசையில் குறுங்கொம்பு வெட்டுக்கிளிகளுக்கென்று அமைந்த அந்நூலின் ஆசிரியர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிர்பி. அது அச்சாகி வருமுன்பே அவர் இறந்துவிட்டார். உலகின் நேர்ச்சிறகிகள் அனைத்துக்கும் மூன்று பாகங்களில் பெயரட்டவணை வகுத்த அவரே, பின்லாந்து மக்களின் காவியமான 'கலேவலா'வை ஆங்கிலத்தில் செய்யுளாகப் பெயர்த்தவர் என்பதும், அதே காவியம் 1994-ஆம் ஆண்டில் ஈழத்து எழுத்தாளர் உதயணனால் தமிழுக்கு வந்தது என்பதும் அறிந்து மகிழத்தக்கவை. கிர்பியின் நூலில் பிழைகள் உண்டு; அவர் காணாத இனங்கள் அநேகம். எனினும் அதுவரையில் லத்தீனிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் சிதறிக் கிடந்த விஷயங்கள், இந்தியக் கல்லூரி மாணாக்கன் படிக்கக்கூடிய ஒரு மொழியில் ஒன்றுசேர்ந்தது அந்நூலினால்தான்.

பெயர் வைப்பதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்க்கு, தக்காணத்துச் சோளக்கொல்லை ஒரு விடை அளித்தது. மைசூர் சமஸ்தானத்திலும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரி முதலிய ஜில்லாக்களிலும், சிறகில்லாத ஒருவகை வெட்டுக்கிளி சோளப்பயிரை மொட்டையடித்துவந்தது. 1908-இல் மைசூர் அரசாங்கத்தின் பணிக்கு வந்த கனடா தேசத்து லெஸ்லி கோல்மன் அதை ஆராயத் தொடங்கினார். பூச்சி பொலீவரின் பார்வைக்குப் போயிற்று; அது இனத்தால் மட்டுமன்றிப் பேரினத்தாலேயே புதியது என்று கண்ட அவர், 1910-ஆம் ஆண்டில் கோல்மானியா என்று அதற்குப் பெயரிட்டார். வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள இடமில்லை என்று ஆனபிறகு அதன் வாழ்க்கை விருத்தாந்தத்தைக் கோல்மன் தொடர்ந்து எழுதினார்: ஆண்டுக்கு ஒரே தலைமுறை, மண்ணுக்குள் இட்ட முட்டைகள் கோடை முழுவதும் உறங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் பொரிகின்றன, சிறகில்லாதபடியால் வளர்ந்த பூச்சியாலும் வெகுதூரம் போகமுடியாது. ஆகவே முட்டையுள்ள நிலத்தை உழுது புரட்டுவதும், இளங்குஞ்சுகளைப் பைவலையால் வாரி அழிப்பதுமே தகுந்த உபாயங்கள் என்பது தெளிவாயிற்று. பறக்கும் இனமென்று எண்ணியிருந்தால் இந்த யோசனைக்கே இடமிருந்திராது.

இனி, முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அவ்விரு பெயர்களின் கதைக்கு வருவோம். யூரல் நதிக்கரையிலுள்ள உரால்ஸ்க் நகரில் 1886-ஆம் ஆண்டில் பிறந்த போரிஸ் உவாரவ், பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 1910-இல் பட்டம் பெற்றபின், காகஸஸ் மலைக்கு வடக்கே ஸ்டாவ்ரபோல் பிரதேசத்தில் பூச்சியியல் அதிகாரியாக வேலை பார்த்தார். அங்கே நாணற்காடுகள் அடர்ந்த ஆற்றுப் படுகைகளிலிருந்து பெருங்கூட்டமாகப் புறப்பட்டு வயல்களைப் பாழ்படுத்தும் வெட்டுக்கிளி லின்னேயஸின் மைக்ரடோரியா. அதே புல்வெளிகளில் தனித்தனியாக, யாருக்கும் தீங்கு செய்யாமல் திரிவது டானிகா. இரண்டுக்கும் வேற்றுமை கண்கூடானது. முன்னதன் கழுத்துக் கவசம் சேணம்போல் நடுவில் தாழ்ந்திருக்கும். பின்னதன் கவசம் வில்போல் மேலே வளைந்திருக்கும். முன்னதன் சிறகு தொடையோடு ஒப்பிட நீளமானது, தலை அகன்றது. குஞ்சுகளைப் பார்த்தாலோ சந்தேகத்துக்கே இடமில்லை: ஒன்று கருப்பும் செம்மஞ்சளுமாகக் கூட்டங்கூட்டமாக அணிவகுத்து நடக்கும், மற்றொன்று புல்லின் நிறத்தில் ஒளிந்து வாழும். இவ்வளவு வேறுபட்ட இரண்டை இரண்டு இனம் என்று சொல்லாமல் எந்த அறிஞர்தாம் இருந்திருப்பார்?

உவாரவுக்கு உறுத்தியது வேறொன்று. கூட்டங்களைப் பின்தொடர்ந்து அவர் பூச்சிகளைச் சேகரித்தபோது, இதுவென்றும் சொல்லமுடியாமல் அதுவென்றும் சொல்லமுடியாமல் இடைப்பட்ட உருவங்கள் மீண்டும் மீண்டும் வலையில் விழுந்தன. டாஷ்கண்டில் பிளாட்னிகவ் என்பவர் கூண்டுகளில் வளர்த்துப் பார்த்தபோதும், ஒன்றின் சந்ததியிலே மற்றதன் உருவம் தோன்றியது. யுத்தமும் புரட்சியும் ரஷ்யாவைக் கலக்கிய ஆண்டுகளில் டிபிலிசி நகரில் இருந்த உவாரவ், 1920-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த ஏகாதிபத்தியப் பூச்சியியல் நிலையத்தின் அழைப்பைப் பெற்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெட்டிகளைத் திறந்து, உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்திருந்த, இவ்விரண்டும் அடங்கிய லோகஸ்டா பேரினத்துப் பூச்சிகளை ஒவ்வொன்றாக அளந்து, அடுத்த ஆண்டிலேயே தம் முடிவை வெளியிட்டார். மைக்ரடோரியாவும் டானிகாவும் வேறு வேறு இனங்கள் அல்ல. ஒரே இனத்தின் இரண்டு நிலைகள். நெருங்கி வாழ நேர்ந்தால் கூட்டநிலை, விலகி வாழ்ந்தால் தனிநிலை. ஒரு பேரினத்தைத் திருத்தி வகைப்படுத்தும் வறட்டுக் கட்டுரை என்றே அதன் தலைப்பின் தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர் எண்ணுவார். உண்மையில், வெட்டுக்கிளியைப் பற்றி மனிதகுலம் எழுதியவற்றுள் அதற்கு நிகரான பலனைத் தந்த கட்டுரை வேறொன்றும் இல்லையென்பது என் துணிபு.

அதன் பலனைச் சற்று ஆலோசித்துப் பார்க்கவேண்டும். வேதகாலம் தொட்டு மனிதரை அச்சுறுத்திய புதிர் ஒன்று உண்டு: வானத்தை மறைத்துக்கொண்டு வரும் கூட்டம் சில ஆண்டுகளுக்குப்பின் அடியோடு மறைந்துபோகிறதே, அந்த இடைக்காலத்தில் அது எங்கே இருக்கிறது? உவாரவின் முடிவுப்படி, அது எங்கும் போகவில்லை. தன் பிறப்பிடத்தில், வேறொரு பெயரோடு, வேறொரு உருவத்தோடு, தனித்தனியாய் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால், அந்தப் பிறப்பிடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கூட்டம் சேருமுன்பே அடக்கிவிட வேண்டியதுதானே? ஆப்பிரிக்காவில் நைஜர் நதியின் நடுப்பகுதியிலும் ருக்வா ஏரிப்பக்கத்திலும் அத்தகைய பிறப்பிடங்கள் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு, கண்காணிப்புக்கு உட்பட்டன. உவாரவ் 1970-இல் இறக்கும் வரையில் அத்துறையின் தலைமகனாக விளங்கினார்.

இந்தியாவில் 1926 முதல் 1931 வரை, இதே இருநிலைகளை உடைய பாலைவன வெட்டுக்கிளியின் தொல்லை தாங்கமுடியாததானபோது, சென்னை மாகாண வேளாண்மைத் துறையில் பூச்சியியலராய் இருந்த ராமச்சந்திர ராவ் அதைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்று, சிந்து, பலூசிஸ்தானம், ராஜபுதனம் ஆகிய வறண்ட பிரதேசங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அவருடைய அனுபவம் முழுவதும் 1960-ஆம் ஆண்டில் வெளியான 'இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி' என்ற பெருநூலில் அடங்கியிருக்கிறது. அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மிதன்லால் ரூன்வால் கண்டுபிடித்த அடையாளம் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பாலைவன வெட்டுக்கிளியின் கண்ணில் மேலிருந்து கீழாக வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் ஒரு வரி கூடுகிறது. கூட்டநிலையில் வளர்ந்தது ஐந்து பருவங்கள் கடந்து ஆறு வரிகளோடும், தனிநிலையில் வளர்ந்தது பெரும்பாலும் ஒரு பருவம் அதிகமாகக் கடந்து ஏழு வரிகளோடும் இருக்கும். பூச்சி தன் குழந்தைப் பருவத்தைத் தன் கண்ணிலேயே எழுதி வைத்துக்கொண்டு திரிகிறது.

பிற்கால வரலாற்றை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. புறத்தோற்றத்தால் பிரிக்கமுடியாத இனங்களை ஆண் பூச்சியின் பிறப்புறுப்பின் அமைப்பைக் கொண்டு பிரிக்கும் முறை வேரூன்றியது. டிர்ஷ் என்பவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி குடும்பங்களின் பாகுபாட்டையே மாற்றி அமைத்தது. ஐரோப்பிய வெட்டுக்கிளிகள் சிலவற்றைக் கண்ணால் பிரிக்க முடியாமல் காதால், அதாவது அவற்றின் பாட்டினால் பிரித்தார்கள். கூட்டநிலைக்கு மாறும்போது நரம்புமண்டலத்தில் செரடோனின் என்னும் பொருள் பெருகுவதை 2009-இல் கண்டறிந்தார்கள்.

ஆனால் இத்தனை அறிவும் சாமானியரின் கைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சம்பவமே சாட்சி. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் இறங்கியிருந்த செய்தி எங்கும் பரவியிருந்த வேளையில், கிருஷ்ணகிரி மாவட்டத்து நேரலகிரிப் பக்கத்தில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்திருக்கக் கண்டு உழவர்கள் கலங்கிப்போனார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்து, இவை பாலைவனத்திலிருந்து வந்தவை அல்ல, உள்ளூர் வெட்டுக்கிளிகளே என்று சொல்லவேண்டியிருந்தது. எருக்கைத் தேடிவரும் வெட்டுக்கிளி தமிழ்நாட்டில் எந்தத் தரிசிலும் காணக்கூடியது. கூம்பிய தலையும் மந்தமான நடையும் உள்ள அந்த எருக்கு வெட்டுக்கிளியை, நீண்ட சிறகோடு வெகுதூரம் பறக்கும் பாலைவன இனத்தோடு, ஒருமுறை இரண்டையும் கண்டு பழகியவர் குழப்பிக்கொள்ளமாட்டார். உழவர்கள்மேல் குற்றமில்லை. நம் பள்ளிகளில் வெட்டுக்கிளியை அறுத்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்களேயன்றி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியக் கற்றுக் கொடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018-ஆம் ஆண்டில் பூச்சிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரி செய்த காரியத்தை, இன்று தமிழ்நாட்டிலுள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் சுற்றுவட்டாரத்துக்குச் செய்யலாம். அதற்கு வேண்டியவை ஒரு வலை, ஒரு கண்ணாடி, குண்டூசிகள், பூச்சி அரிக்காத ஒரு பெட்டி. இவற்றுக்கு மேலாக, பிடித்த ஊர், தேதி, இருந்த செடி ஆகிய மூன்றையும் அன்றைக்கே சீட்டில் எழுதிக் குத்திவைக்கும் ஒழுங்கு. மழை ஓய்ந்து புல் தழைத்திருக்கும் மாதங்களில் விலங்கியல் ஆசிரியர்கள் தம் மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு வயலுக்கும் தரிசுக்கும் போய் இந்தப் பணியைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.